அறுபது ஆண்டுகள் சட்டசபையில்: கலைஞர் கருணாநிதியின் வாழ்வு உணர்த்தும் மாநில அதிகாரத்தின் எல்லைகள்

தமிழகத்தில் ஆட்சி மாறும்போதெல்லாம் ஈழத்தமிழர் மத்தியில் ஓர் எதிர்பார்ப்பு எழுவதும், சில மாதங்களிலேயே அது ஏமாற்றமாக முடிவதும் நாம் பல தசாப்தங்களாகக் கண்டுவந்த காட்சியாகும். சென்னைக் கோட்டையில் அமர்ந்திருப்பவர் மனம் வைத்தால் எதையும் சாதிக்கலாம் என்று நம்பினோம். அவர் சாதிக்காதபோது துரோகம் என்று குற்றஞ்சாட்டினோம். இந்த நம்பிக்கைக்கும் குற்றச்சாட்டுக்கும் இடையில் கேட்கப்படாமலே போன ஒரு கேள்வி உண்டு. இந்தியாவின் ஒரு மாநில சட்டசபை உறுப்பினரால் உண்மையில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதே அக்கேள்வியாகும்.

இதற்கு விடை காண கலைஞர் மு. கருணாநிதியின் சட்டசபை வாழ்வைவிடப் பொருத்தமான உதாரணம் வேறில்லை. 1957 ஆம் ஆண்டு முதல் 2016 ஆம் ஆண்டு வரை பதின்மூன்று தடவைகள் சட்டசபைக்குத் தெரிவுசெய்யப்பட்டவர் அவர். போட்டியிட்ட எந்தச் சட்டசபைத் தேர்தலிலும் தோல்வியைச் சந்திக்காதவர். ஐந்து தடவைகள் முதலமைச்சராகவும், வேறு பல காலங்களில் எதிர்க்கட்சி வரிசையிலும் இருந்தவர். 2018 ஒகஸ்ட் 7 ஆம் திகதி, தமது 94 ஆவது வயதில் மறைந்தபோதும் திருவாரூர்த் தொகுதியின் உறுப்பினராகவே மறைந்தார். அவருடைய திரையுலகப் பணியையோ, இலக்கியப் பணியையோ நாம் இங்கு ஆராய முற்படவில்லை. புகழாரம் சூட்டுவதும் தீர்ப்பு எழுதுவதும் நமது நோக்கமன்று. ஒரு மாநில சட்டசபை உறுப்பினர் என்ற வகையில் அவருக்கு இருந்த அதிகாரத்தை அளந்து பார்ப்பதே நமது நோக்கமாகும்.

குளித்தலையில் தொடங்கிய பயணம்

1949 செப்டெம்பர் 17 ஆம் திகதி அறிஞர் அண்ணாவினால் தோற்றுவிக்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம், முதன்முதலாகத் தேர்தல் களத்தில் இறங்கியது 1957 ஆம் ஆண்டிலாகும். 205 உறுப்பினர்களைக் கொண்ட அன்றைய சென்னை மாநில சட்டசபையில் அக்கட்சியின் சார்பில் பதினைந்து பேரே வெற்றி பெற்றனர். அவர்களுள் ஒருவராகக் குளித்தலைத் தொகுதியில் இருந்து சென்றவர் 32 வயதான கருணாநிதி. திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் வளர்ந்த அவர், சொந்த ஊரின் சுற்றுப்புறத்தை விட்டு அன்றைய திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த தொகுதியிலேயே தமது முதல் வெற்றியைப் பெற்றார்.

சட்டசபையில் அவருடைய முதல் உரை திராவிட நாட்டைப் பற்றியதன்று. தமது தொகுதியில் இருந்த நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினையையே அவர் அங்கு எழுப்பினார். பின்னாளில் இந்தியப் பிரதமர்களைத் தெரிவுசெய்வதில் பங்குகொண்ட ஒருவர், நில உடைமையாளருக்கும் உழுபவருக்கும் இடையிலான ஒரு தகராறுடனேயே தமது சட்டசபை வாழ்வைத் தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு மாநில உறுப்பினரின் அன்றாடப் பணி இதுவேயாகும். கேள்வி நேரத்தில் வினாத் தொடுப்பதும், வரவு செலவுத் திட்ட விவாதத்தில் வெட்டுப் பிரேரணை கொண்டுவருவதும், அமைச்சரைப் பதில் கூறவைப்பதும்தான் எதிர்க்கட்சி உறுப்பினரிடம் உள்ள ஆயுதங்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்த அந்தச் சபையில் பதினைந்து பேரைக் கொண்ட கட்சியினால் ஒரு சட்டமூலத்தையும் தோற்கடிக்க இயலாது. ஆனால் அரசாங்கம் எந்த விடயத்தில் விடை கூறத் தடுமாறுகின்றது என்பதை நாட்டுக்குக் காட்ட இயலும். அந்தப் பயிற்சியை அவர் பத்தாண்டுகள் பெற்றார்.

1962 ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. 50 ஆசனங்களைப் பெற்றது. தஞ்சாவூரில் கருணாநிதி வென்றார். ஆனால் காஞ்சிபுரத்தில் அண்ணா தோல்வியடைந்தார். நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவராகவும், கருணாநிதி துணைத் தலைவராகவும் சபையில் கட்சியை வழிநடத்தினர்.

இக்காலத்தில்தான் இந்திய அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் 1963 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகச் சத்தியப்பிரமாணம் செய்யாத எவரும் சட்டசபைகளுக்கோ பாராளுமன்றத்துக்கோ போட்டியிட முடியாது என்ற நிலை ஏற்பட்டது. தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, சட்டசபைக்குள் இருந்தே போராடும் வழியைத் தெரிந்துகொண்டது. சரியாக இருபது ஆண்டுகளின் பின்னர் இலங்கையில் கொண்டுவரப்பட்ட 6 ஆவது திருத்தம் இதனை ஒத்ததேயாகும். ஆனால் 1983 யூலை வன்முறைகளின் இரத்தம் உலராத வேளையில் கொண்டுவரப்பட்ட அச்சத்தியப்பிரமாணத்தைத் தமிழர் விடுதலைக் கூட்டணி ஏற்க மறுத்தது. அதன் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. தமிழகத்தில் தனிநாட்டைக் கைவிட்டவர்கள் நான்கே ஆண்டுகளில் ஆட்சியைப் பிடித்தனர். அவ்வாறு கைவிடுவதற்கு அவர்களுக்கு ஒரு மாநிலம் இருந்தது. இலங்கைத் தமிழருக்கு அத்தகைய மாற்று எதுவும் அன்று இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரு தரப்பினரையும் ஒப்பிடுதல் நியாயமாகாது.

மூன்று பட்டியல்கள்

1967 ஆம் ஆண்டில் தி.மு.க. ஆட்சியைக் கைப்பற்றியது. சைதாப்பேட்டையில் வென்ற கருணாநிதி பொதுப்பணித்துறை அமைச்சரானார். 1969 பெப்ரவரி 3 ஆம் திகதி அண்ணா மறைந்ததைத் தொடர்ந்து, பெப்ரவரி 10 ஆம் திகதி முதலமைச்சராகப் பதவியேற்றார். 1971 ஆம் ஆண்டுத் தேர்தலில் 234 ஆசனங்களில் 184 ஐ அவரது தலைமையில் தி.மு.க. வென்றது.

இவ்வளவு பெரும்பான்மை இருந்தும் அவரால் எதைச் செய்ய முடிந்தது? இங்குதான் இந்திய அரசியலமைப்பின் 7 ஆவது அட்டவணையை நாம் நோக்க வேண்டியுள்ளது. அது அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கின்றது. பாதுகாப்பு, வெளிவிவகாரம், குடியுரிமை, நாணயம் முதலியன மத்திய பட்டியலில் உள்ளன. பொலிஸ், காணி, விவசாயம், உள்ளூராட்சி, பொதுச் சுகாதாரம் என்பன மாநிலப் பட்டியலில் உள்ளன. திருமணம், சொத்துரிமை வழிவரல் போன்றவை ஒருங்கிய பட்டியலில் அடங்கும். ஒருங்கிய பட்டியலில் இரு தரப்பும் சட்டம் இயற்றலாம். எனினும் மாநிலச் சட்டம் மத்திய சட்டத்துடன் முரண்பட்டால் மத்திய சட்டமே மேலோங்கும். முரண்பட்ட மாநிலச் சட்டம் அம்மாநிலத்தில் செல்லுபடியாக வேண்டுமாயின் அதற்கு இந்திய ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும்.

கல்வி மாநிலப் பட்டியலிலேயே முதலில் இருந்தது. அவசரகால நிலை நடைமுறையில் இருந்த 1976 ஆம் ஆண்டில், 42 ஆவது திருத்தத்தின் மூலம் அது ஒருங்கிய பட்டியலுக்கு மாற்றப்பட்டது. மருத்துவக் கல்லூரி அனுமதி தொடர்பாகத் தமிழகத்துக்கும் மத்திய அரசாங்கத்துக்கும் இடையில் பின்னாளில் எழுந்த பிணக்குகளின் வேர் இந்த மாற்றத்தில்தான் உள்ளது. அதிகாரம் எந்தப் பட்டியலில் இருக்கின்றது என்பது சட்ட அறிஞர்களுக்கு மட்டும் உரிய விடயமன்று. ஓர் ஏழை மாணவனின் எதிர்காலமும் அதில் தங்கியுள்ளது.

நிலைத்து நின்ற சட்டங்கள்

தமது பட்டியலுக்குள் நின்று செயற்பட்ட இடங்களிலேயே கருணாநிதியின் பணி நிலைத்து நின்றது. 1970 ஆம் ஆண்டில் காணி உச்சவரம்பு 30 நியம ஏக்கரில் இருந்து 15 நியம ஏக்கராகக் குறைக்கப்பட்டது. நங்கவரம் விவசாயிகளுக்காகக் குரல் கொடுத்த உறுப்பினர், பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் முதலமைச்சராக அதே விடயத்தில் சட்டம் கொண்டுவந்தார். விலக்குகளும் பினாமி உடைமைகளும் அச்சட்டத்தின் பயனைக் குறைத்தன என்பதை மறுப்பதற்கில்லை.

அதே ஆண்டின் இறுதியில், ஆலயங்களில் பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் சட்டமூலம் நிறைவேற்றப்பட்டது. 1972 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் பரம்பரை உரிமை ஒழிப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆகம விதிகளுக்கு அமைவாகவே அர்ச்சகர் நியமனம் அமைய வேண்டும் என்றும் கூறியது. இதனால் சகல சாதியினரையும் அர்ச்சகராக்கும் நோக்கம் பல தசாப்தங்கள் பிற்போடப்பட்டது. சட்டசபைக்கு மேல் மத்திய அரசாங்கம் மட்டுமன்றி, நீதிமன்றமும் இருக்கின்றது என்பதற்கு இது ஓர் உதாரணமாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதாக நாம் கருதுவது 1989 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தமாகும். கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்கு மட்டுமே பிறப்பால் இருந்த உரிமையைப் பெண்மக்களுக்கும் சமமாக வழங்கியது அச்சட்டம். இது ஒருங்கிய பட்டியலுக்குரிய விடயமாதலால் இந்திய ஜனாதிபதியின் ஒப்புதல் பெறவேண்டி இருந்தது. ஒப்புதல் கிடைத்தது. மத்திய அரசாங்கம் இதே உரிமையை இந்தியா முழுவதற்கும் வழங்கியது 2005 ஆம் ஆண்டிலாகும். நாடு பதினாறு ஆண்டுகள் பின்னால் வந்து சேர்ந்த இடத்துக்கு ஆந்திராவை அடுத்து முன்கூட்டியே சென்ற மாநிலம் தமிழகம்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. அத்திருத்தம் 1989 மார்ச் 25 ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்ததாகச் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளது. அதே மார்ச் 25 ஆம் திகதிதான் வரவு செலவுத் திட்ட உரையின்போது தமிழக சட்டசபையில் பெரும் கைகலப்பு ஏற்பட்டது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த செல்வி ஜெயலலிதா, தம்மை அவமானப்படுத்தித் தாக்கினர் என்று குற்றஞ்சாட்டி வெளியேறினார். தி.மு.க. அதனை மறுத்தது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வழங்கிய திகதியும், சபையின் ஒரேயொரு பெண் எதிர்க்கட்சித் தலைவர் கண்ணீருடன் வெளியேறிய திகதியும் ஒன்றாக அமைந்தன. தமிழக சட்டசபையின் பெருமையும் சிறுமையும் இந்த ஒரே திகதியில் பதிவாகியுள்ளன எனலாம். இரு பெரும் கட்சிகளின் தலைவர்களும் ஒருவர் ஆட்சியில் மற்றவர் சபைக்கு வருவதைத் தவிர்க்கும் வழக்கம் அதன் பின்னர் வேரூன்றியது. அதனால் நட்டமடைந்தது விவாதமேயாகும்.

தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம்

சட்டசபை நிறைவேற்றுவன எல்லாம் சட்டங்களல்ல. சட்டமூலம் வேறு, தீர்மானம் வேறு. சட்டமூலம் ஆளுநரின் ஒப்புதலுடன் கட்டுப்படுத்தும் சட்டமாகின்றது. தீர்மானம் சபையின் கருத்தை வெளிப்படுத்துகின்றதேயன்றி எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஈழத்தமிழர் தொடர்பில் தமிழக சட்டசபை நிறைவேற்றியவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவையாகும்.

மத்திய, மாநில உறவுகளை ஆராய்வதற்கு 1969 ஆம் ஆண்டில் நீதியரசர் ராஜமன்னார் தலைமையில் ஒரு குழுவைக் கருணாநிதி அமைத்தார். அதன் அறிக்கையின் அடிப்படையில் 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டசபையில் நிறைவேற்றப்பட்டது. புதுடில்லி அதனை ஏற்கவில்லை. சுதந்திர தினத்தன்று ஆளுநருக்குப் பதிலாக முதலமைச்சர் தேசியக் கொடி ஏற்றும் உரிமையை மட்டும் அதே ஆண்டில் அவர் பெற்றுக்கொண்டார். இன்று இந்தியாவின் எல்லா மாநில முதலமைச்சர்களும் அனுபவிக்கும் உரிமை அது. சுயாட்சி கேட்டவருக்குக் கொடிக்கயிறு கிடைத்தது என்று எள்ளி நகையாடுவோரும் உண்டு. ஆயினும் தெரிவுசெய்யப்பட்டவரா, நியமிக்கப்பட்டவரா மாநிலத்தின் முகம் என்ற கேள்விக்கு அது ஒரு விடையாகும்.

அதே 1974 யூனில்தான் கச்சதீவை இலங்கைக்கு உரியதாக ஏற்கும் உடன்படிக்கை இந்திராகாந்தி அம்மையாருக்கும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாருக்கும் இடையில் கைச்சாத்திடப்பட்டது. தமிழக சட்டசபை அதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் பதிவேட்டில் இருந்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. வெளிவிவகாரம் மத்திய பட்டியலில் உள்ளது என்பதற்கு இதனைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இரு தடவைகள் பறிபோன ஆட்சி

அதிகாரத்தின் எல்லை பட்டியல்களோடு முடிந்துவிடவில்லை. தெரிவுசெய்யப்பட்ட அரசாங்கத்தையே கலைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 356 ஆவது பிரிவு மத்திய அரசாங்கத்துக்கு வழங்குகின்றது. கருணாநிதி அரசாங்கம் இரு தடவைகள் அதற்குப் பலியாகியது.

முதலாவது 1976 ஜனவரி 31 ஆம் திகதி. அவசரகால நிலையை எதிர்த்த அவரது அரசாங்கம், ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவடையும் தறுவாயில் நீக்கப்பட்டது. ஊழல் குற்றச்சாட்டுகளை ஆராய சர்க்காரியா ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வழக்குகள் பின்னர் அரசியல் கூட்டணிகள் மாறியபோது கைவிடப்பட்டன. குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவும் இல்லை, ஐயத்துக்கு இடமின்றிக் களையப்படவும் இல்லை.

இரண்டாவது 1991 ஜனவரி 30 ஆம் திகதி. இது நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1990 மார்ச்சில் இலங்கையில் இருந்து திரும்பிய இந்திய அமைதிப்படையை வரவேற்கச் செல்ல அவர் மறுத்திருந்தார். அவ்வாண்டு யூனில் ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் பத்மநாபாவும் அவரது தோழர்களும் சென்னை கோடம்பாக்கத்தில் படுகொலை செய்யப்பட்டனர். விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதாகக் குற்றஞ்சாட்டி, பிரதமர் சந்திரசேகர் அரசாங்கம் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கு ஆதரவாக அறிக்கை வழங்க மறுத்தார். ஆளுநரின் அறிக்கை மூலமாகவோ அல்லது வேறு வகையிலோ என்று 356 ஆவது பிரிவில் உள்ள சொற்களைப் பயன்படுத்தி, அறிக்கை இல்லாமலே ஆட்சி கலைக்கப்பட்டது. கட்டளையில் ஒப்பமிட்டவர் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன். 1957 ஆம் ஆண்டில் கருணாநிதி முதன்முதலாகச் சட்டசபைக்கு வந்தபோது காமராஜர் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர் அவரேயாவார்.

நான்கு மாதங்களில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அதனைத் தொடர்ந்த தேர்தலில் தி.மு.க. ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டது. துறைமுகம் தொகுதியில் மிகச் சொற்ப வாக்குகளால் வென்ற கருணாநிதி, உறுப்பினர் பதவியை இராஜினாமாச் செய்தார். ஈழப்பிரச்சினைக்காக ஆட்சியை இழந்தவர் என்று அவரது ஆதரவாளர்கள் கூறுவதில் உண்மை உண்டு. அந்த இழப்பின் பின்னர் அவர் எவ்வளவு அவதானமாக நடந்துகொண்டார் என்பதையும் சேர்த்தே நாம் நோக்க வேண்டும்.

1994 ஆம் ஆண்டில் பொம்மை வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு 356 ஆவது பிரிவின் பற்களைப் பிடுங்கியது. பெரும்பான்மை உண்டா இல்லையா என்பது சபையிலேயே சோதிக்கப்பட வேண்டும் என்றும், கலைப்பு நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது என்றும் அத்தீர்ப்பு கூறியது. 1976 ஆம் ஆண்டிலும் 1991 ஆம் ஆண்டிலும் கிடைக்காத பாதுகாப்பு அது.

1983 உம் 2009 உம்

1983 ஒகஸ்டில், யூலை வன்முறைகளைத் தடுக்க மத்திய அரசாங்கம் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை எனக் கண்டித்து, கருணாநிதியும் பேராசிரியர் அன்பழகனும் சட்டசபை உறுப்பினர் பதவிகளை இராஜினாமாச் செய்தனர். அன்று அவர்கள் எதிர்க்கட்சியினர். இராஜினாமாவினால் எந்த அரசாங்கமும் கவிழவில்லை. எனினும் தன்னிடம் இருந்த ஒரே பொருளை ஓர் உறுப்பினர் விட்டுக்கொடுத்தார் என்ற வகையில் அது மதிக்கப்பட்டது.

இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. 2008 ஒக்டோபர் 14 ஆம் திகதி முதலமைச்சர் கருணாநிதி தலைமையில் கூடிய சர்வகட்சிக் கூட்டம், இரு வாரங்களுக்குள் இலங்கையில் போர் நிறுத்தப்படாவிடின் தமிழகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகுவர் என்று தீர்மானித்தது. புதுடில்லியுடன் நடந்த பேச்சுக்களின் பின்னர் அந்தப் பதவி விலகல் நடைபெறவில்லை. நவம்பரிலும், 2009 ஜனவரி 23 ஆம் திகதியும் சட்டசபை போர்நிறுத்தம் கோரித் தீர்மானங்கள் நிறைவேற்றியது. ஏப்ரல் 27 ஆம் திகதி அண்ணா நினைவிடத்தில் அவர் மேற்கொண்ட உண்ணாவிரதம் சில மணித்தியாலங்களில் முடிந்தது. மே 18 ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் போர் முடிவடைந்தது. அதே மே மாதத்தில், புதிய மத்திய அமைச்சரவையில் தமது கட்சிக்குரிய இடங்கள் பற்றிய பேச்சுக்களுக்காக அவர் புதுடில்லி சென்றிருந்தார்.

இதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? முதலமைச்சர் என்ற முறையில் போரை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இருக்கவில்லை. அது உண்மை. சட்டசபைத் தீர்மானம் மத்திய அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அதுவும் உண்மை. ஆனால் அவர் ஒரு முதலமைச்சர் மட்டுமல்லர். மத்திய கூட்டரசாங்கத்தில் அங்கம் வகித்த, 2004 ஆம் ஆண்டில் லோக்சபாவுக்குப் பதினாறு உறுப்பினர்களை அனுப்பிய ஒரு கட்சியின் தலைவர். சட்டசபை தராத நெம்புகோல் ஒன்று அவர் கையில் இருந்தது. அதனைப் பயன்படுத்தியிருந்தால் போர் நின்றிருக்குமா என்பதை எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. பயன்படுத்தப்படவில்லை என்பதை மட்டும் கூறலாம். 1983 ஆம் ஆண்டில் சிறிய பதவியைத் துறந்தவர், 2008 ஆம் ஆண்டில் பெரிய பதவிகளைத் துறக்கவில்லை. 2013 மார்ச்சில் ஜெனீவாத் தீர்மானத்தை முன்னிட்டு தி.மு.க. மத்திய அரசாங்கத்தில் இருந்து விலகியது. அதற்குள் காலம் கடந்திருந்தது.

ஒரு மாநில அரசாங்கத்தினால் ஈழத்தமிழருக்கு எதுவுமே செய்ய இயலாது என்று இதிலிருந்து முடிவு செய்வதும் தவறாகும். அகதி முகாம்களின் அன்றாட நிருவாகம் மாநிலத்தின் கையில் இருந்தது. குடியுரிமை மட்டுமே மத்திய அரசாங்கத்திடம் இருந்தது. தண்டனையைக் குறைக்கும் ஆளுநரின் அதிகாரம் மாநில அமைச்சரவையின் ஆலோசனைப்படியே பிரயோகிக்கப்பட வேண்டியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த நளினியின் தண்டனை 2000 ஆம் ஆண்டில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது இந்த வழியிலேயாகும். சத்தமின்றிச் செய்யப்பட்ட அந்தச் சிபாரிசு ஓர் உயிரைக் காத்தது. உரத்த குரலில் நிறைவேற்றப்பட்ட தீர்மானங்களால் அது இயலவில்லை. எந்த அதிகாரம் எங்கே இருக்கின்றது என்பதை அறிந்து அதனைக் கேட்டுப்பெறுவதே பயன் தரும் என்பதை இது உணர்த்துகின்றது.

நமக்குரிய பாடம்

1987 ஆம் ஆண்டின் இந்திய, இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து, 13 ஆவது திருத்தத்தின் மூலம் நமக்கு மாகாண சபைகள் கிடைத்தன. இந்தியாவின் மாநிலங்களை மாதிரியாகக் கொண்டவை என்று அவை பற்றிக் கூறப்பட்டது. இங்கும் மூன்று பட்டியல்கள் உண்டு. இங்கும் முதலமைச்சரும் ஆளுநரும் உண்டு. ஆயின் கலைஞர் கருணாநிதியின் வாழ்வுடன் ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு புலனாகும்.

தமிழகத்தில் ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கக் கடமைப்பட்டவர். நமது மாகாணங்களில் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடமே குவிந்துள்ளது. தமிழகத்தில் பொலிஸும் காணியும் மாநில அரசாங்கத்தால் நாளாந்தம் கையாளப்படுபவை. நமது மாகாண சபைகளுக்கு அவை கடதாசியில் எழுதப்பட்டனவேயன்றிக் கையளிக்கப்படவில்லை. 1976 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்ட தமிழக ஆட்சிக்குப் பதிலாகப் பதினேழு மாதங்களில் ஒரு புதிய சட்டசபை வந்தது. 1991 ஆம் ஆண்டில் ஐந்து மாதங்களுக்குள் வந்தது. ஜனாதிபதி ஆட்சி மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதை இந்திய அரசியலமைப்பு அனுமதிப்பதில்லை. 2013 செப்டெம்பரில் தெரிவுசெய்யப்பட்ட வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. எவரும் அதனைக் கலைக்கவில்லை. தேர்தல் நடத்தப்படாமல் ஆண்டுக்கணக்கில் விடப்பட்டதன் மூலமே அது இல்லாமற் போயிற்று. 2019 ஆம் ஆண்டுடன் ஏனைய மாகாணங்களும் அதே கதிக்கு உள்ளாகின. ஆட்சிக்கலைப்புக்கு எதிராகப் பொம்மை வழக்கின் தீர்ப்பு உண்டு. நடத்தப்படாத தேர்தலுக்கு எதிராக நம்மிடம் என்ன உண்டு?

இன்னொரு பாடமும் உள்ளது. இது நமது பிரதிநிதிகளுக்குரியது. வட மாகாண சபை தனது ஐந்து ஆண்டுகளில் தீர்மானங்கள் பலவற்றை நிறைவேற்றியது. அவற்றுள் மக்களின் துயரத்தை உலகறியச் செய்தவையும் உண்டு. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நியதிச்சட்டங்களை ஆக்குவதில் அதே ஊக்கம் காட்டப்பட்டதா என்று கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. கருணாநிதியின் தீர்மானங்கள் ஏட்டில் உறங்குகின்றன. அவர் இயற்றிய வாரிசுரிமைச் சட்டத்தின் பயனாகத் தந்தையின் காணியில் பங்கு பெற்ற பெண்கள் தமிழகத்தின் கிராமங்களில் வாழ்கின்றனர்.

குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என ஏழு தொகுதிகளின் மக்கள் அவரைச் சபைக்கு அனுப்பினர். 2016 ஆம் ஆண்டில் சக்கர நாற்காலியில் வந்து பதவிப்பிரமாணம் செய்தபோது அவருக்கு வயது 91 ஆகும். குடும்ப அரசியல், ஊழல் குற்றச்சாட்டுகள், 2009 ஆம் ஆண்டின் மௌனங்கள் யாவும் அவருடைய கணக்கில் பற்றாக எழுதப்பட்டுள்ளன. வரவாக எழுதவேண்டியவையும் உள்ளன. அக்கணக்கை முடித்துவைப்பது வரலாற்றின் பணியாகும்.

நமது பணி வேறு. அடுத்த தடவை சென்னையில் ஒரு தீர்மானம் நிறைவேறும்போது, அது சட்டமா, கருத்தா என்று முதலில் கேட்போம். அடுத்த தடவை இங்கு ஒருவர் மாகாண சபைக்கு வாக்குக் கேட்டு நமது வாசலுக்கு வரும்போது, எந்தப் பட்டியலில் உள்ள எந்த விடயத்தில் என்ன நியதிச்சட்டம் கொண்டுவருவீர்கள் என்று கேட்போம். அதற்கு விடை கூற இயலாதவரிடம் வாக்குறுதிகள் மட்டுமே இருக்கும். வாக்குறுதிகளை நாம் போதிய அளவு கேட்டுவிட்டோம்.